ஊர் கண்டவனும் ஊர் சூழ்ந்தவளும்

சிலப்பதிகாரத்தை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் சில இடங்களிலேயே தங்கிவிடுகின்றனர். கானல்வரியிலே தங்கிக் கோவலனும் மாதவியும் பிரிந்தமைக்குக் காரணம் தேடுவர். வழக்குரை காதையிலே தங்கிக் கண்ணகியின் சினத்தை வியப்பர். வஞ்சிக் காண்டத்திலே தங்கிக் காப்பியத்தின் ஒருமைப்பாடு பற்றி வாதிடுவர். மதுரைக் காண்டத்து ஊர்காண் காதையோ பலராலும் விரைந்து கடக்கப்படுவது. காப்பியம் என்றால் நகர வருணனை வேண்டும். புகாருக்கு ஒன்று அமைந்ததுபோல மதுரைக்கும் ஒன்று அமைந்தது எனக் கூறி அப்பாற் செல்வது எளிது. நானும் பல ஆண்டுகள் அவ்வாறே கற்பித்து வந்தேன்.

என் எண்ணத்தை மாற்றியது ஒரு மாணவியின் கேள்வி. அரியாலையிலே, சனசமூக நிலையம் ஒன்றின் வாசிகசாலையில், மாதம் ஒருமுறை சிலப்பதிகாரம் வாசித்து வந்தோம். யாழ்ப்பாண நகரின் கிழக்கு எல்லையாக அமைந்த ஊர் அரியாலை. கண்டி வீதி இவ்வூரினூடாகவே செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் செல்கிறது. ஊரின் கிழக்குப் பகுதியில், கடல்நீரேரியை அண்டி, பூம்புகார் என்றே பெயருடைய ஒரு குடியிருப்பு உண்டு. எங்கள் கூட்டத்துக்கு வந்தவர்களிற் சிலர் அங்கிருந்து சைக்கிளில் வருபவர்கள். பூம்புகாரிலிருந்து புறப்பட்டவர்கள் மதுரைக்குப் போகிறார்கள் என்று நாங்கள் சிரித்துக்கொள்வதும் உண்டு.

ஊர்காண் காதை வாசித்த அன்று, அதனை நான் வழக்கம்போல அரைமணி நேரத்தில் முடித்துவிட முனைந்தேன். அப்போது அம்மாணவி குறுக்கிட்டாள். நிச்சயமான திருமணம் குழம்பிப்போன பின்னர் அவள் வீட்டாரோடு போராடித் தனியே மதுரைக்குப் போய் வந்தவள் என்பது அங்கிருந்தோர்க்குத் தெரியும். "சேர், நான் அங்க மூண்டு நாள் நிண்டனான். கோயில், நாயக்கர் மகால், புதுமண்டபம் எல்லாம் பாத்தன். ஓட்டோக்காரரையும் லொட்ஜ்காரரையும் விட ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. ஆனாச் சந்தோசமா இருந்தது. கோவலனும் இதில ஒருத்தரோடையும் கதைக்கேல்லைத்தானே?" என்றாள். நான் ஏட்டைத் திரும்பப் புரட்டினேன். அவள் சொன்னது சரி. நகருக்குள் நுழைந்த கணம் முதல் திரும்பி வெளியேறும் வரை கோவலன் வாய்திறந்து ஒரு சொல்லும் பேசுவதாக இக்காதை காட்டவில்லை.

இது தற்செயலானதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. தற்செயலானதன்று என்பது என் கருத்து.

முதலில் நிகழ்ச்சிகளின் வரிசையை நோக்குவோம். மதுரைப் புறஞ்சேரியில் விடிகிறது. கோவலன் கவுந்தியடிகளிடம் சென்று, நெறியின் நீங்கியவனாய் இப்பெண்ணை அறியாத தேயத்துக்கு அழைத்துவந்து துன்புறுத்திவிட்டேன் என வருந்துகிறான். நகரத்து வணிகர்க்குத் தன் நிலையை உணர்த்தித் திரும்பும்வரை கண்ணகியைக் காக்குமாறு வேண்டுகிறான். அவன் கூறிய நோக்கம் இது ஒன்றே. அடிகளும் இராமனையும் நளனையும் எடுத்துக்காட்டி, அவர்களைப் போல நீ மனைவியைப் பிரிந்தவன் அல்லன் என்று தேற்றி, நகரில் தங்குமிடம் அறிந்து வா என விடைகொடுக்கிறார். கோவலன் புறப்படுகிறான், யானைகள் செல்லும் சுருங்கை வழியைக் கடந்து, வாயில் காக்கும் யவனர்க்கு ஐயம் தோன்றாதவாறு உள்ளே புகுகிறான், கணிகையர் வீதி, கடைவீதி, மணிவீதி, பொன்வீதி, அறுவை வீதி, கூலவீதி எனச் சுற்றுகிறான், பேரூரைக் கண்டு மகிழ்ந்து மதிலுக்கு வெளியே மீள்கிறான். வணிகர் எங்கே? எவர் வீட்டு வாயிலிலேனும் அவன் நின்றானா? தன் பெயரைச் சொன்னானா? காப்பியம் எதுவும் கூறவில்லை. செல்வதற்குக் கூறிய காரணம் ஒன்று, அங்கே செய்தது வேறொன்று.

வெறும் வருணனை மரபே புலவரின் கருத்து எனின் அவர்க்குக் கோவலன் தேவைப்படவில்லை. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி அந்நகரின் பகலையும் இரவையும் நீளப் பாடுகிறது. அங்கே நகரைக் காணும் தனியொருவன் இல்லை, நகரே தன்னைக் காட்டிக்கொள்கிறது. இளங்கோவடிகள் அந்த வருணனைக்குள்ளே ஒரு மனிதனை நடக்கவிட்டார். அவன் எத்தகைய மனிதன்? மாதவியைப் பிரிந்தவன், அவளிடம் இழந்த பொருளை மீட்க வந்தவன், மனைவியை மதிலுக்கு வெளியே துறவியொருவரிடம் விட்டுவிட்டு, அன்று ஒரு பகல் மட்டும் தனியனாய் இருப்பவன். இந்நூல் முழுவதிலும் கோவலன் மனைவியும் காதலியும் இன்றி ஒரு நகரத்தில் உலவும் பகல் இது ஒன்றே எனத் துணிந்து கூறலாம். மறுமுறை அவன் தனியே வீதிக்கு வருவது சிலம்பு விற்பதற்கு.

அப்பிரிவு உண்மையில் எப்போது முடிவடைந்தது என்பதும் நோக்கற்பாலது. கானல்வரியில் அவன் எழுந்து போய்விட்டான். வேனிற்காதையில் மாதவி தாழை மடலில் எழுதி வசந்தமாலை வழி அனுப்பிய முடங்கலை மறுத்தான். ஆயினும் மாதவி வழியெல்லாம் அவனைத் தொடர்கிறாள். காட்டிலே நீர்நிலையொன்றின் அருகில் வனதெய்வம் வசந்தமாலை வடிவில் வந்து மயக்கப் பார்க்கிறது. பின்னர், மதுரையை அணுகும் வேளையில், வாடிய குருக்கத்திக் கொடியைப் பார்த்து நீயும் மாதவியைப் போலப் பிரிவால் வாடினையோ என ஒருவன் புலம்புவதைக் கோவலன் கேட்கிறான். அவன் கோசிகன், மாதவியின் இரண்டாம் ஓலையைக் கொண்டு தேடி வந்தவன். ஓலையின் மண்பொறியில் அவள் கூந்தலின் நெய்மணம் இருந்தமையால் கோவலன் அதனைக் கைவிட மாட்டாமல் வைத்திருக்கிறான் எனப் புலவர் கூறுவது மிக நுண்ணியது. படித்து முடித்தபின் அவள் குற்றமற்றவள், தவறு தன்னதே என உணர்கிறான். தளர்ச்சி நீங்குகிறது. ஆனால் அவளுக்கு மறுமொழி இல்லை. அவள் எழுதிய அந்த ஓலையையே தன் பெற்றோர்க்குத் தான் எழுதியதுபோலக் கொடுக்குமாறு கோசிகனிடம் திருப்பிக் கொடுக்கிறான்!

இந்த ஓலையின் பின்னரே மதுரை வருகிறது. வெறுப்போடு பிரிந்த மனிதன் அல்லன் அங்கே நுழைபவன். வெறுப்புக்குக் காரணமே இல்லை என அறிந்து, அறிந்ததைச் சொல்ல வேண்டியவளுக்குச் சொல்லாமல் விட்டவன்.

ஐரோப்பிய இலக்கிய வரலாற்றிலும் இத்தகைய ஒருவரைக் காணலாம். 1786 செப்டெம்பர் 3ஆம் நாள் அதிகாலை மூன்று மணிக்கு, காள்ஸ்பாட் என்னும் ஊரிலிருந்து, எவர்க்கும் சொல்லாமல் தபால் வண்டியேறி இத்தாலிக்குப் புறப்பட்டார் கவிஞர் கேத்தே. பத்தாண்டுகளாக அவரது உள்ளத்தைக் கொண்டிருந்த சார்லொட் வொன் ஸ்ரைன் என்ற மாதுக்கும் போகுமிடத்தைக் கூறவில்லை. உரோமாபுரியில் மோல்லர் என்ற ஓவியராக வேறு பெயரில் உலவினார். 1788இல் அவர் மீண்டபோது பழைய உறவு மீளவில்லை. எவர் என்று எவரும் அறியாத நகரில் நடப்பதற்கு ஓர் இன்பம் உண்டு. பழைய காதலின் கணக்குகள் அங்கே எவரிடமும் இல்லை. யவனக் காவலர் ஐயுறாதபடி மதுரைக்குள் நுழைந்த மாசாத்துவான் மகனும் அந்த இன்பத்தை அறிந்தவனே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கேத்தே இத்தாலியிலிருந்து சார்லொட்டுக்கு எழுதிக்கொண்டேயிருந்தார்.

இனி அவன் கண்ட நகரைக் காண்போம். புகுந்ததும் முதலில் வருவது கணிகையர் வாழ்வு. அதனைப் புலவர் ஒரு நாளின் காட்சியாகக் கூறவில்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டு முழுவதும் அவர்கள் காதலரோடு எவ்வாறு பொழுது கழிப்பர் எனப் பாடுகிறார். கோவலன் வந்ததோ வேனில் முடியும் நாள். ஒரு பகலில் நடப்பவன் ஆறு பருவத்தையும் காண இயலாது. இதனைப் புலவரின் நெகிழ்ச்சி என்றும், வருணனை ஆசையில் கதையை மறந்தார் என்றும் கூறலாம். நான் வேறு விதமாக வாசிக்கிறேன். புகாரிலே மாதவி மனையில் அவன் கழித்த பருவங்களே இங்கே மதுரை வீதியின் மேல் வந்து படிகின்றன. கண்ணுக்கு முன் இருப்பது அயலார் வீதி. உள்ளே ஓடுவது தன் பழைய ஆண்டுகள். இது என் ஊகமே. பாடல் இதற்கு இடந்தருகிறதேயன்றிச் சான்று தரவில்லை. ஆயினும், மாதவியின் ஓலையைப் படித்தவனைப் புலவர் வேறெந்த வீதிக்கும் முன்னதாக அவ்வீதிக்குக் கொண்டுசெல்கிறார் என்பது ஊகமன்று.

அடுத்து மணிவீதி. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என வயிரத்தின் நால்வகைக் குற்றங்களும் இல்லாதவை. மரகதம், மாணிக்கம், முத்து, பவளம் எனக் குற்றமற்றவை யாவும். பொன்வீதியில் நால்வகைப் பொன்னையும் இன்னதென்று மயங்காமல் அறியக் கொடிகள் கட்டப்பட்டுள்ளன. இவை வணிகன் கண்ணுக்குரிய காட்சிகள். குற்றம் இல்லை, குற்றம் இல்லை என்றே அக்கண் ஒவ்வொரு கடையாகக் கடந்து போகிறது. மீண்டு வந்து கவுந்தியடிகளிடம் மதுரையின் தீதின்மையையும் பாண்டியன் ஆட்சியின் சிறப்பையும் எடுத்துரைக்கிறான். ஒரு பகல் உலவியவனின் தீர்ப்பு இது. எவரோடும் பேசாமல், எதையும் வாங்காமல், விற்காமல், எவரிடமும் எதையும் கேட்காமல் சுற்றிய ஒருவனுக்கு எந்நகரமும் தீதற்றதாகவே தோன்றும். நகரம் தன் கொடுமையைக் காட்டுவது அதனிடம் நாம் ஒன்றை வேண்டி நிற்கும்போது. மறுநாள் அவன் சிலம்பை நீட்டியபோது அது காட்டியது. மதுரை வீதியில் கோவலன் வாய்திறந்து பேசுவதாகக் காப்பியம் காட்டும் முதல் மனிதன் பொற்கொல்லன்! நூற்றுவர் பின்வர நடந்த அவனது தோற்றத்தையும் ஆடையையும் கண்டு, இவன் அரசனின் வரிசை பெற்றவன் எனக் கோவலன் மதிப்பிடுகிறான். முதல்நாள் கற்ற பாடம் அது. கொடியைப் பார்த்துப் பொன்னை அறிதல்.

கொடி என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. புறஞ்சேரி இறுத்த காதையின் முடிவில், மதில்மேற் பறந்த நெடுங்கொடிகள் வராதே என மறித்துக் கைகாட்டுவன போல் அசைந்தன எனப் புலவர் பாடுகிறார். வையை கண்ணீரைப் பூவாடையால் மறைத்துக்கொள்கிறாள். அகழியின் மலர்களும் அழுகின்றன. கோவலன் இவற்றில் எதையும் அறியான். சிலம்போடு புறப்படும் நாளிலும் இமிலேறு எதிர்ப்பட்டதைத் தீநிமித்தம் என அவன் அறியவில்லை. கண்டு மகிழ்வதற்கு வந்தவனுக்குக் காட்சி மட்டுமே தெரிகிறது, அது சொல்வது தெரிவதில்லை.

அந்தப் பகல் முழுவதும் கண்ணகி என்ன செய்தாள்? காப்பியம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இம்மௌனத்தை நாம் போதிய அளவு அவதானிக்கவில்லை. நம் அகமரபில் பிரிவுக்குப் பின் பயணம் செய்பவன் ஆண். பாலைத்திணையின் வழிகள் யாவும் அவனுக்குரியன. பெண் இருத்தற்குரியவள். விதிவிலக்குகள் மிகச் சில. காவிரி கொண்டுபோன ஆட்டனத்தியைத் தேடி ஆதிமந்தி அலைந்தாள். காதலனைத் தேடிச் சென்ற வெள்ளிவீதியை ஔவையார் தம் அகநானூற்றுப் பாடலில் நினைவுகூர்கிறார். இருவரும் ஊர் காணச் செல்லவில்லை; இழந்தவனைத் தேடிச் சென்றார்கள். ஆண் மறப்பதற்குச் சென்ற இடத்தில் பெண் தேடுவதற்கு மட்டுமே செல்லலாயிற்று. மாதவியோ எங்கும் செல்லவில்லை. அவள் அனுப்பிய ஓலைகளே சென்றன; அவள் புகாரிலிருந்தே துறந்தாள். இக்காப்பியத்தின் காதற் பிரிவிலே பயணம் செய்யும் உரிமையை இழந்தவள் அவளே. அவளுக்காக எவரும் வருந்தி எழுதியதாக நான் அதிகம் கண்டதில்லை.

கண்ணகி மதுரைக்குள் தனியே நடப்பது கணவன் இறந்த பின்னர். அக்காதையின் பெயர் ஊர்சூழ்வரி. கோவலன் நடந்த அதே நகரம்; ஆனால் மணிவீதி இல்லை, பொன்வீதி இல்லை, பருவங்கள் இல்லை. ஒரு வீதியேனும் வருணிக்கப்படவில்லை. எஞ்சிய ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்தி அவள் கேட்டுக்கொண்டே போகிறாள். இவ்வூரில் பெண்டிர் உண்டா, சான்றோர் உண்டா, தெய்வம் உண்டா என்னும் அக்கேள்விகள் நாம் அறிந்தவையே. ஆனால் அவற்றை ஊர்காண் காதையின் மௌனத்தோடு சேர்த்து வாசிக்கும்போதே அவற்றின் முழு ஆற்றலும் விளங்குகிறது. அவன் நகரைக் கண்டான், பேசவில்லை. அவள் பேசினாள், காணவில்லை. அவனுக்கு எவரும் எதையும் காட்டவில்லை. அவளுக்கோ ஊர்மக்கள் வந்து கணவனின் உடலைக் காட்டுகின்றனர்.

2025இல் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் மனிதப் புதைகுழி அகழப்பட்டு நூற்றுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்த மாதங்களில், காணாமற்போனோரின் தாய்மாரும் மனைவியரும் அவ்வாயிலில் வந்து நின்றனர். எங்கள் வாசிப்புக் கூட்டம் நடக்கும் இடத்திலிருந்து அது தொலைவன்று. அந்த மாதங்களில் ஊர்சூழ்வரியை வாசித்தபோது பொருள் விளக்கம் கூற வேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை. கூறியிருந்தாலும் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கட்டுரை காதையில் கண்ணகி நகரை விட்டு நீங்குகிறாள். கணவனோடு கீழ்வாயிலால் வந்தவள், தனியளாய் மேல்வாயிலால் போகிறேன் எனத் தானே கூறிக்கொள்கிறாள். கொற்றவை கோயில் வாயிலில் வளையலை உடைக்கிறாள். அவள் மதுரையைப் பற்றிக் கூறும் ஊர் விவரம் இது மட்டுமே, இரண்டு வாயில்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு கண்டி வீதியால் தென்மராட்சி நோக்கிச் சென்ற பெருங்கூட்டத்திலே குடும்பமாகப் போய், பின்னர் தனியே இவ்வழி திரும்பியவர்கள் எங்கள் கூட்டத்திலும் இருந்தனர். நகரத்தை வாயில்களால் நினைவுவைப்பவர்கள் அவர்கள்.

கண்ணகிக்கு முன் மதுராபதித் தெய்வம் தோன்றும் இடமும் இதற்கு அண்மையிலேயே வருகிறது. எதிரே வர அஞ்சி அது பின்னால் வந்து நிற்கிறது. பாண்டியர் செங்கோன்மையையும் முற்பிறப்பு வினையையும் எடுத்துக்கூறித் தன் நகரின் வழக்கை அவளிடம் வாதிடுகிறது. கோவலனுக்குக் கொடியால் மட்டும் சைகை காட்டிய நகரம், கேள்வி கேட்டவளிடம் வாய்விட்டுப் பேச வேண்டியதாயிற்று. அதன் விடை கண்ணகிக்கு நிறைவளித்ததா என்பது வேறு. எனக்கு அளிக்கவில்லை. முற்பிறப்புக் கதை காப்பியத்தின் கட்டமைப்புக்குப் பொருந்தலாம். ஊர்சூழ்வரியின் வினாக்களுக்கு அது விடையாகாது.

இளங்கோவின் கண்ணகி பதினான்காம் நாள் வானுலகு செல்கிறாள். நம் நாட்டு மக்கள் அவளை அவ்வளவு விரைவில் விடவில்லை. மதுரையை எரித்தபின் அவள் கடல் கடந்து இலங்கைக்கு வந்து, இடத்துக்கு இடம் தங்கி, பத்தாவதாகத் தங்கிய இடமே முல்லைத்தீவின் வற்றாப்பளை என்பது வன்னியில் வழங்கும் ஐதிகம். பத்தாம் பளை என்பதே வற்றாப்பளையாயிற்று என்பர். சொல்லாராய்ச்சி முறைப்படி இது நிற்குமா என்பது எனக்குப் பொருட்டன்று. பிரிவுக்குப் பின் ஒரு பெண் தனியே நெடுந்தூரம் நடந்தாள், ஒவ்வோரூரிலும் தங்கினாள், ஊர்கள் அவளைக் குளிர்வித்தன எனக் கற்பனை செய்த நாட்டார் மரபு, அகமரபும் காப்பியமும் கொடுக்காத ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிட்டது.

இக்கட்டுரையின் முதல் வரைவை அம்மாணவிக்குப் படிக்கக் கொடுத்தேன். கோவலனின் மகிழ்ச்சியை நான் குற்றமாகக் காட்டுவதை அவள் ஏற்கவில்லை. மதுரையில் தான் பெற்ற மகிழ்ச்சி அறியாமை அன்று என்றும், பேசாமல் இருக்க முடிந்ததே அந்த மூன்று நாளின் பயன் என்றும், கோவலனின் தவறு மகிழ்ந்ததில் அன்று, திரும்பி வந்து கவுந்தியிடம் மதுரையைப் புகழ்ந்துவிட்டுக் கண்ணகியிடம் ஒரு சொல்லும் சொல்லாததிலேயே என்றும் கூறினாள். அவ்விடத்தை மறுபடி வாசித்தேன். அடைக்கலக் காதையில் அவன் கவுந்தியோடும் மாடலனோடுமே பேசுகிறான். தான் கண்ட ஊரைப் பற்றிக் கண்ணகியோடு பேசியதாக அங்கே இல்லை. இதனை விரித்து அவளே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.